ஏணிக்குப் பதிலாக வந்த கூண்டு

அக். 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். பத்து மணிக்கு ஓசூரிலிருந்து மினி லாரி வந்தது. கூண்டை இறக்க நாலு பேர். இவர், நான், டிரைவர், பக்கத்து வெல்டிங் பட்டறை பாஷா பாய். என் செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. வாங்கி ஒரு வாரம்தான்.

கூண்டு என்பது நாங்களாக வைத்த பெயர். விற்றவர் ஏதோ லிஃப்ட் என்றார். மூடிப்போன கம்பெனியில் டியூப் லைட் மாற்ற வைத்திருந்ததாம். நாலு சக்கரம். தரையில் ஊன்றிக்கொள்ள நாலு பக்கமும் நீளும் இரும்புக் கால். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த தூண்கள். ஓர் ஆள் நிற்கிற மாதிரி இடுப்பளவு கம்பி அடைத்த கூண்டு. கீழே கைப்பிடி. ஒருத்தர் சுற்ற வேண்டும், ஒருத்தர் நிற்க வேண்டும். கரண்டு வேண்டாம், டீசல் வேண்டாம்.

எதிர்வூட்டு பழனியம்மா வந்து பார்த்துவிட்டு, “என்னா கௌரி, தேரு வாங்கியிருக்கீங்களா?” என்றாள்.

“ஆமாங்க, வடம் புடிக்க வாங்க” என்றேன்.

வாங்கியது என் பிடிவாதம். மேடை அலங்காரத்தில் பாதி வேலை உயரத்தில். துணி கட்ட, சீரியல் செட் ஓட்ட, பூச்சரம் தொங்கவிட. பதினெட்டு வருஷமாக உயரம் இவருடையது, தரை என்னுடையது. மே மாதம் பைபாஸ் மண்டபத்தில் ஏணி சறுக்கி விழுந்தார். குதிகால் எலும்பு. மூன்று மாதம் கட்டு. இப்போது நடக்கிறார், இடது காலைக் கொஞ்சம் தள்ளி வைத்து. ஆனால் ஏணி பக்கம் போவதில்லை. கொல்லையில் சாத்தியிருக்கும் ஏணியைச் சுற்றிக்கொண்டுதான் குழாயடிக்கே போகிறார். நான் கவனிக்கவில்லை என்று நினைப்பு.

கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். ஏறவில்லை. நானும் கேட்கவில்லை.

அக். 8, செவ்வாய்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

21ஆம் தேதி கல்யாணத்துக்கு வேலை:
வெள்ளைத் துணி துவைக்க (கறை 3 இடம்)
சீரியல் செட் 40, எரியாதது எத்தனை என்று பார்க்க
மஞ்சள் சாமந்தி, ரோஜா - சொல்லிவிட வேண்டும், மழை வந்தால் பூ வராது
செருப்பு

புரட்டாசி என்பதால் ஒரு மாதமாகக் கல்யாணம் இல்லை. ஐப்பசியில் முதல் முகூர்த்தம் இதுதான். அதே பைபாஸ் மண்டபம். வேறு மண்டபமாக இருந்திருக்கலாம்.

மத்தியானம் இவர் தம்பி பெங்களூரிலிருந்து போன். அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலை சொல்லி வைத்திருக்கிறானாம், அண்ணனுக்கு. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் எப்போதும். இன்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பேசினார்.

உள்ளே வந்து சோறு சாப்பிடும்போது சொன்னார். “இந்த முகூர்த்தம் பாக்குறேன். மேல ஏற முடிஞ்சா இங்க இருக்கறேன். முடியலைன்னா தம்பிகிட்ட போயிடறேன். நீ வூட்ட பாத்துக்க.”

ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அக். 9, புதன்

கூண்டில் மண்மூட்டை வைத்துச் சுற்றிப் பார்த்தோம். சுற்றச் சுற்ற ஏறுகிறது. கைப்பிடியை விட்டால் விட்ட இடத்தில் நிற்கிறது. பன்னிரண்டு அடி வரை போனது. நிற்பவர் கை நீட்டினால் மண்டபத்து மேடை உச்சி எட்டும்.

இவர் முகத்தில் ஐந்து மாதமாகப் பார்க்காத ஒன்று. சிரிப்பு என்று சொல்ல முடியாது. கணக்குப் போடுகிற முகம். “மேடைக்கு எடது பக்கம் நிறுத்தினா துணிக் கொக்கி மூணையும் ஒரே எடத்துலர்ந்து மாட்டிரலாம்” என்றார், தனக்குத்தானே.

விழுந்ததிலிருந்து இவர் குரலே இறங்கிப்போய்விட்டது. முன்பெல்லாம் மண்டபத்தில் இவர் போடும் சத்தத்துக்கு சமையல்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த வாயை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். இப்போது அது இல்லாமல் வீடு வீடாக இல்லை. இதை யாரிடம் சொல்வது, இந்த டைரியைத் தவிர.

அக். 11, வெள்ளி. ஆயுத பூஜை

நல்ல வெயில். ஐந்து மணிக்கே எழுந்தேன். இவர் பொரி, கடலை, பூசணிக்காய் வாங்க இண்டூருக்குப் போனார். நான் சாமான்கள் எல்லாவற்றையும் வாசலில் வைத்துக் கழுவினேன். தையல் மெஷின், கத்திரிகள், துளைபோடும் மெஷின், சுத்தியல், கூண்டு. கூண்டில் கம்பெனி அழுக்கு மூன்று விரல் கனம். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன். பழைய பெயிண்ட் வெளியே வந்து அழகாகிவிட்டது.

துடைத்துக் காய வைத்து எண்ணெய். வருஷா வருஷம் என் வேலை அது. சக்கரத்துக்கு, தூண் நடுவில், கைப்பிடி சுற்றுகிற டப்பாவுக்கு. டப்பாவில் ஓரமாக ஒரு சந்து இருந்தது. சந்து இருந்தால் எண்ணெய் கேட்கிறது என்றுதான் அர்த்தம். தையல் மெஷின் எண்ணெய் மிச்சம் இருந்ததை முழுக்க விட்டேன். கைப்பிடி வெண்ணெய் மாதிரி சுற்றியது.

சந்தனம், குங்குமம். டப்பா மேல்தான் தட்டையான இடம், அங்கே பெரிய பொட்டு. மாலை. பாஷா பாய்க்குப் பொரி கொடுத்துவிட்டேன். அவர் பட்டறையிலும் இன்று லீவு, வேலைக்கு வருகிற ஆட்கள் எல்லாம் பூஜைக்குப் போய்விட்டார்களாம்.

இவர் கூண்டு முன்னால் நின்று கும்பிட்டார். ரொம்ப நேரம். இந்த மனுஷன் கோயிலில் கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை.

அக். 13, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எழுத்து கோணல்.

மண்டபம் காலி. அளவெடுக்க, கொக்கி அடிக்கப் போனோம். மேனேஜர் வாசலிலேயே நிறுத்தினார். “வாசப்படி மேல சக்கரத்த ஏத்தாதீங்க, மஞ்ச பூசியிருக்குது. தூக்கிட்டுப் போங்க.” தூக்கினோம். மேனேஜரும் ஒரு பக்கம் பிடித்தார்.

இவர் கூண்டுக்குள் போய் நின்றார். கம்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். “சுத்து” என்றார். சுற்றினேன். ஐந்து அடி, ஏழு அடி. மேலே பார்த்தேன், கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பத்து அடியில் ஒரு கையை எடுத்தார். எடுத்து நீட்டி, “கொக்கியும் சுத்தியும் கோல்ல மாட்டிக் குடு” என்றார். அந்தக் குரல் கொஞ்சம் பழைய குரல்.

சுத்தியலை எடுக்க நான் கைப்பிடியை விட்டேன். நிற்க வேண்டியது. நிற்கவில்லை. கைப்பிடி தானாகத் திரும்ப ஆரம்பித்தது. பிடிக்கப் போனேன், மணிக்கட்டில் ஒரே அடி. கூண்டு கடகடவென்று இறங்கி அடியில் போய் இடித்து நின்றது.

அடி ஒன்றும் படவில்லை அவருக்கு. தூண்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்ததால் வேகம் அவ்வளவு இல்லை. ஆனால் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைக் கட்டிக்கொண்டு. பத்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் தண்ணீர் கொண்டுவந்தார், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, “ஐஸ் வை” என்றார். அவ்வளவுதான் அதற்கப்புறம் இன்று முழுக்க அவர் பேசியது.

அக். 14, திங்கள்

மழை. துணி காயவில்லை. எக்ஸ்ரே எடுத்தேன், எலும்புக்கு ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டு விட்டார்கள். இடது கையால் தோசை சுட்டேன், எல்லாம் கர்நாடக மேப்.

இவர் தம்பிக்கு போன் பண்ணினார். இந்த முறை வெளியே போகவில்லை. என் முன்னாலேயே. “நாளைக்கு வந்து பாக்கறேன்டா.”

அக். 15, செவ்வாய்

ஆறு மணி பஸ்ஸுக்கு பெங்களூர் போனார். வெள்ளைச் சட்டை.

எட்டு மணிக்கு நான் ஸ்பேனர் எடுத்துக் கைப்பிடி டப்பாவைக் கழற்றினேன். ஒரு கையால். ஒரு மணி நேரம் ஆனது, ஒரு நகம் போனது. சாக்கில் சுற்றி பாஷா பாய் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

பாய் பிரித்தார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

“யாரும்மா இதுக்குள்ள எண்ணெய் விட்டது?”

நான் சாக்கை மடித்தேன்.

“இதுல ரெண்டு தட்டு இருக்குது பாரு. ஒண்ண ஒண்ணு கவ்விப் புடிச்சாதான் கூண்டு நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல எண்ணெய் போனா எங்க புடிக்கும்? வழுக்கிட்டுதான் வரும். மத்ததுக்கெல்லாம் எண்ணெய் விடணும், இதுக்கு மட்டும் விடவே கூடாது.”

பிறகு டப்பா மேல் காய்ந்திருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தார். அடியில் மஞ்சள் ஸ்டிக்கர். சின்ன இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் எண்ணெய்க் குப்பிப் படம், அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குத்தான் படமே போட்டிருக்கிறார்கள். நான் அதன் மேல் பொட்டு வைத்திருக்கிறேன்.

“எண்ணெய் விட்டது யாருன்னு தெரியலையா?” பாய் மறுபடி கேட்டார்.

“தெரியலைங்க பாய்” என்றேன். பளிச்சென்று வந்தது பொய். வாய் கூசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கூசுகிறது.

அக். 16, புதன்

காலையில் வந்தார். காபி குடித்துக்கொண்டே சொன்னார். பன்னிரண்டு மாடி. நீலச் சட்டை. உட்கார நாற்காலி உண்டு. தீபாவளி முடிந்து முதல் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். “ஏற வேண்டியதே இல்ல. பட்டன அமுக்குனா போவுது” என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் பாய் டப்பாவைக் கொண்டுவந்தார். தட்டுகளைத் தின்னர் போட்டுத் துடைத்து, எமரித் தாளில் தேய்த்து, ஒரு தட்டுக்குப் புது ரப்பரும் போட்டிருக்கிறார். மாட்டிக்கொண்டே இவரிடம் விஷயத்தைச் சொன்னார். “எண்ணெய் எறங்கியிருக்குது மணி. மிஷின்ல கோளாறு இல்ல.”

இவர் டப்பாவைத் தொட்டுப் பார்த்தார்.

“கூண்ட இழுக்கற கம்பிக்கு நான் கிரீஸ் தடவினேன் பாய், போன புதன்கிழம. அது வழிஞ்சு உள்ள போயிருக்கும். அன்னிக்கு ஏணிக்கு அடியில பிளாஸ்டிக் சீட்டு கெடந்தத பாக்காம ஊனினதும் நான்தான். கைக்கு எதுவும் சரி வரல எனக்கு.”

நான் அங்கேயே நின்றிருந்தேன், டம்ளர் தட்டோடு. வாயைத் திறந்தேன். “பாய், டீ ஆறிப்போகுது” என்று வந்தது.

இதுதான் நான். பதினெட்டு வருஷத்தில் தப்பு என்மேல் என்று நான் சொன்னதாக இவருக்கு ஒரு ஞாபகமும் இருக்காது. உப்பு அதிகமானால்கூட உப்புக்கம்பெனியைத்தான் சொல்வேன். எல்லாருக்கும் அது வேடிக்கை. இப்போது அது வேடிக்கை இல்லை.

அக். 17, வியாழன்

கூண்டில் நாலு மண்மூட்டை. பன்னிரண்டு அடி ஏற்றினேன், இடது கையால். தூணில் சாக்பீஸ் கோடு போட்டேன். காலை 9.

மதியம் 1: கோடு அதே இடம்.
மாலை 6: அதே இடம்.

இவர் வந்து பார்க்கவில்லை. திண்டிவனம் பக்கத்து மேடைக்காரர் ஒருவருக்கு போன் பண்ணி, கூண்டு வேண்டுமா என்று கேட்கிறார்.

அக். 18, வெள்ளி

காலை 6: அதே இடம். ராத்திரி மழை பெய்திருக்கிறது, சாக்பீஸ் கோடு பாதி அழிந்துவிட்டது, கூண்டு இறங்கவில்லை.

சாமந்தி சொல்லியாயிற்று. சீரியல் செட் 40இல் 31 எரிகிறது. துணி இன்னும் ஈரம்.

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போனேன். ஒரு முறை குளித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை போனில். ஒரு முறை சும்மாதான் இருந்தார். கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பயம் எதற்கு என்று யோசித்தேன். அடிக்கிற ஆள் இல்லை. சண்டை போட்டால்கூட நல்லது. சொன்ன பிறகும் ஒன்றும் பேசாமல், “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு நீலச் சட்டைக்குப் போய்விடுவாரோ என்றுதான். தெரியாமல் போவதை விட, தெரிந்தும் போனால் தாங்க மாட்டேன்.

அக். 19, சனி

நாளை சாயங்காலம் ரிசப்ஷன். மேடை காலையிலேயே முடிய வேண்டும்.

“ஏணியோட ஒரு ஆளு வரச் சொல்லியிருக்கறேன் பாலக்கோட்டுலர்ந்து” என்றார்.

“வேணாம்னு சொல்லுங்க. நான் ஏறுறேன்.”

“ஏணியிலயா?”

“கூண்டுல. நீங்க சுத்துங்க.”

“உனக்கென்ன பைத்தியமா? அன்னிக்கு பாத்த இல்ல?”

“பாத்தேன். நீங்க சுத்தலைன்னா பழனியம்மாவக் கூப்பிட்டுச் சுத்தச் சொல்லுவேன்.”

பழனியம்மா கையில் என்னை விட மாட்டார் என்று எனக்குத் தெரியும். பாலக்கோட்டு ஆளுக்கு போன் போட்டார். சுடிதார் இஸ்திரி போட்டு வைத்தேன். சேலையோடு ஏறினால் கீழே நிற்கிறவன் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பான்.

அக். 20, ஞாயிறு

தூறல் நின்று வெயில். ஏழு மணிக்கு மண்டபம். வாசப்படி தாண்டித் தூக்கி வைத்தோம். மேடைக்கு இடது பக்கம், அவர் முன்பு சொன்ன இடத்தில் நிறுத்தினேன். நாலு காலையும் ஊன்றி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இரண்டு முறை. தரையில் ஏதாவது கிடக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்த்தார்.

ஏறினேன். சுற்றினார். எனக்கும் பயம்தான், எழுதிவிடுகிறேன். மேலே, தரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூசி, ஒட்டடை, போன கல்யாணத்து நூல். இவர் உலகம் இதுதானா இத்தனை வருஷமாக என்று நினைத்தேன்.

கீழே அவர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றார். நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

“கைய எடுங்க, நிக்கும்” என்றேன்.

“நீ வேலையப் பாரு.”

முதல் கொக்கி மாட்டினேன், கோணல். கழற்றி மறுபடி மாட்டினேன், அப்போதும் கோணல். மேனேஜர் உள்ளே போய்விட்டார். பூக்காரப் பெண்கள் இன்னும் வரவில்லை. மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேர். அவர் எங்கேயும் போக முடியாது, என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நானும் எங்கேயும் போக முடியாது.

“ஏங்க. எண்ணெய் விட்டது நான்.”

“என்னாது?”

“அந்த டப்பாவுக்குள்ள. ஆயுத பூஜைக்கு. குப்பி முழுக்க நான்தான் விட்டேன். உங்க கிரீஸ் இல்ல. விடக்கூடாதுன்னு ஸ்டிக்கர்ல படம் போட்டிருந்தது, அது மேலயே பொட்டு வச்சுட்டேன். அஞ்சு நாளா தெரியும். பாய்கிட்ட தெரியாதுன்னு பொய் சொன்னேன். உங்க கையில ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் தப்பு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு கையையும்.

கூண்டு ஒரு நூல்கூட இறங்கவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தலையில் கை வைத்தபடியே கைப்பிடியைப் பார்த்தார், பிறகு என்னை, மறுபடி கைப்பிடியை.

“எறங்கு” என்றார்.

“எதுக்கு?”

“கொக்கி மாட்டற லட்சணமா இது. எறங்கு. நான் ஏறணும்.”

இறக்கினார். ஏறினார். இரண்டு கையாலும் சுற்றினேன், வலி தெரியவில்லை. பன்னிரண்டு அடி வரை வாயைத் திறக்கவில்லை. அங்கே போய் நின்ற பிறகு ஆரம்பித்தார். எண்ணெய்க்குப் பிறந்தவளே என்றார். சந்து கண்ட இடமெல்லாம் எண்ணெய் ஊத்தறியே, என் காதுலயும் ஒரு குப்பி ஊத்தியிருக்க வேண்டியதுதானே என்றார். படம் போட்டவன் கூமுட்டையா, நீ கூமுட்டையா என்றார். அஞ்சு நாளு, அஞ்சு நாளு என்று அஞ்சு முறை சொன்னார். என் அப்பாவை இழுத்தார். உப்புக்கம்பெனியை இழுத்தார். மண்டபம் முழுக்க எதிரொலி. மேனேஜர் ஓடி வந்தார். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவர் பார்க்காத மாதிரி. திட்டிக்கொண்டே மூன்று கொக்கியையும் மாட்டி முடித்துவிட்டு, “கண்ணு எங்க இருக்குது உனக்கு, துணியக் கோல்ல மாட்டி நீட்டு” என்றார்.